கைப்பிடியின் உயரம்

மூன்று பென்சில் கோடு, மாட்டுவதற்கு இருப்பது ஒரே ஒரு வைஸ். மேசையின் இடது ஓரத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம் தள்ளி முதலில் போட்ட கோடு. வலது தலைமாட்டில் நேற்றுப் போட்டது. இன்று காலை எழுந்ததும் எழாததுமாக வந்து, மேசையின் பின்பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி போட்டது ஒன்று. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் பஜ்ஜி தின்றுவிட்டு பதில் சொல்லாமல் திரிகிறவன் மாதிரி ஆகிவிட்டதே நம் பிழைப்பு என்று சண்முகவடிவு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயாயிற்று. கார் இல்லாத கார் ஷெட்டில் அவளும் மேசையும் மட்டும்தான். மணி பத்தேகால். பதினொன்றுக்கு மேல் ரத்தப் பரிசோதனை முடிவு போனுக்கு வந்துவிடும். பதினொன்று வாக்கில் அண்ணனும் வந்துவிடுவார், துளை போடுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு. இரண்டில் எது முந்தும் என்பதுதான் தெரியவில்லை. முடிவு முந்தினால், நல்லதாக இருந்தால், அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமலே விட்டுவிடலாம். அண்ணன் முந்தினால்? முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். சின்ன வயசில் சீனி டப்பாவில் கை விட்டதைக்கூட முதுகைப் பார்த்தே கண்டுபிடித்த ஆள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நாற்பத்தாறு வயதுப் பொம்பளை, அண்ணன் வருகிறார் என்றால் வயிறு கலங்கி நிற்கிறாள், கேட்டால் யார் நம்புவார்கள்.

வயிறு. அந்தச் சொல்லை நினைத்ததும் கை தானாகப் போய் அடிவயிற்றின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டது. இது இரண்டு வருஷப் பழக்கம். பேருந்தில் ஏறினால் அங்கே ஒரு கை, கோவில் கூட்டத்தில் அங்கே ஒரு கை, வகுப்பில் பிள்ளைகள் ஓடி வந்தால் அங்கே ஒரு கை. சும்மா இரு என்று கையை எடுத்து மேசை மேல் வைத்தாள். வாகைப் பலகை குளிர்ச்சியாக இருந்தது. பழைய கட்டடச் சாமான் கடையில் நாலு பலகை பொறுக்கி, ஒட்டி, இழைத்து, கால் நாட்டி, மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற மேசை. கால் எல்லாம் ஆடாமல் நிற்கிறது, சும்மா சொல்லக்கூடாது. வைஸ் வாங்கப் போனதுதான் பெரிய கூத்து. வைஸ் என்றால் வேறொன்றுமில்லை, பலகையை அசையாமல் கடித்துப் பிடித்துக்கொள்கிற இரும்பு வாய். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைத் திருகினால் வாய் மூடும், எதிர்ப்பக்கம் திருகினால் திறக்கும். அவளுக்கு அது கட்டாயம் வேண்டும். டயாலிசிஸ் நாட்களில் ஊசி குத்துவதற்காக ரத்த நரம்பை வெட்டி ஒட்டிய இடது கை இது, இன்னமும் தொட்டால் கிர்ரென்று துடிக்கிறது, இதை வைத்துப் பலகையை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடைக்காரர் முதலில் இரும்பு வேலைக்கான வைஸைத் தூக்கி வைத்தார். "எல்லாரும் இதத்தான் டீச்சர் வாங்குவாவ." வாய்க்குள் பல் பல்லாக இருந்தது, பூவரசுத் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள், கடித்த தடம் அப்படியே பதிந்துவிட்டது. இரண்டாவது, நெம்பினால் சட்டென்று ஓடி வந்து பிடிக்கிற ரகம், ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் கனம் பதினாலு கிலோ. கடைசியில் இந்த ஏழு அங்குல ஆசாரி வைஸ், ஒன்பது கிலோ, அதையும் வீட்டுக்காரர்தான் தூக்கி வந்தார். இரும்பு வாய்க்குள் இரண்டு பக்கமும் வாகைச் சில்லு வைத்துத் தைத்தாள். இப்போது கன்னத்தில் வைத்தாலும் கடிக்காது. கடித்தது வாய் இல்லையே, கைப்பிடியல்லவா.

போன வாரம் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. இடது ஓரத்தில், பன்னிரண்டாவது அங்குலத்தில் வைஸைத் தற்காலிகமாக மாட்டி வைத்திருந்தாள். பென்சில் உருண்டு விழுந்தது. எடுக்கலாம் என்று விருட்டென்று திரும்பினாள், அவ்வளவுதான். கைப்பிடியின் குமிழ் சரியாக அந்த இடத்தில். அங்கேதான் வைக்க வேண்டுமென்று யாரோ அளந்து வைத்த மாதிரி. அளந்து வைத்தது யார்? அவள்தான்! அதை நினைத்தால்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மேசை வழக்கமாக முப்பத்துமூன்று அங்குலம் இருக்கும். குனிந்தால் வயிறு மடங்குமே, மடங்கினால் உள்ளே இருக்கிறது நசுங்குமே என்று பயந்து, மூன்று அங்குலம் கூட்டி முப்பத்தாறாக வைத்தாள். டாக்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, இவளாக நினைத்துக்கொண்டு செய்தாள். மேசை மூன்று அங்குலம் உயர்ந்தால் கைப்பிடியும் மூன்று அங்குலம் உயருமா இல்லையா? தொடையில் இடிக்க வேண்டியது அடிவயிற்றுக்கு ஏறிவிட்டது. கணக்கு டீச்சராம், கணக்கு டீச்சர். பழைய கிட்னி இருக்கிற இடத்தில், முதுகுப் பக்கத்தில் புதிதையும் வைத்திருந்தால் விலா எலும்பாவது காவல் நிற்கும். வைப்பது முன்னால், தோலுக்குக் கொஞ்சம் உள்ளே. கை வைத்தால் தட்டுப்படும், சின்ன மாங்காய் அளவுக்கு. அண்ணனின் மாங்காய். அன்றைக்கு ராத்திரி நீலம் பாரித்தது. மறுநாள் ஓடினாள். ஸ்கேனில் கோளாறு இல்லை என்றார்கள். ஆனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், ரத்தத்தில் எப்போதும் ஒன்று புள்ளி ஒன்றில் நிற்கிற எண், ஒன்று புள்ளி ஐந்து. "ஒரு வாரம் பார்ப்போம், ஏறாம இருக்கணும்" என்றார் டாக்டர், மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல். ஏறினால் என்ன என்று அவள் கேட்கவில்லை.

ஏறக்கூடாது, ஏறவே கூடாது. எதை எதையெல்லாம் இது திருப்பிக் கொடுத்தது என்று டாக்டருக்குத் தெரியுமா? தண்ணீர்! ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று அளந்து, அதிலும் மாத்திரைக்குப் போக மீதியை வாயில் வைத்து வைத்துக் குடித்த மூன்று வருஷம். பக்கத்து வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் அழுகை வரும். ஆப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை நீட்டி, "குடிங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும் குடிங்க" என்றபோது தன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். இன்னொன்றை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். காலையில் எழுந்து மூத்திரம் போகும்போது அவள் கும்பிடுகிறாள். நிஜமாகவே கை கூப்பி, கக்கூசில் வைத்து. மூன்று வருஷம் வராத ஒன்று. உலகத்தில் அத்தனை பேருக்கும் ஓசியில் வருகிறது, ஒருத்தராவது நின்று கும்பிடுகிறார்களா? அவள் கும்பிடுகிறாள். சாமியை நினைத்தா அண்ணனை நினைத்தா என்று கேட்டால் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. ஆறுமுகநயினார், வயது ஐம்பத்திரண்டு, வயரிங் வேலை, தினம் ஏணியில் ஏறி இறங்கிப் பிழைக்கிற மனுஷன், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே "நா தாரேன்" என்றார். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அதிகாரி கேமராவை வைத்துக்கொண்டு ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். "எங்கிட்ட ரெண்டு கெடக்கு சார். அவட்ட ஒண்ணுமில்ல. இதுல என்னத்த வற்புறுத்த?" அதிகாரியே சிரித்துவிட்டார்.

அதற்கு ஒரு நன்றி சொல்ல முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. கூடப்பிறந்தவனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? மேடையில் சொல்கிற வார்த்தை அது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடைசியாக ஒருத்தர் எழுந்து சொல்வாரே, அது. அண்ணன் தங்கச்சிக்குள் அதைச் சொன்னால் சண்டைக்கு வந்தது போல் இருக்கும். ஒரு தீபாவளிக்கு நல்ல வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். "என்னட்டி, கணக்கத் தீக்கப் பாக்கியோ?" என்று அவள் வீட்டுக்காரர் கையிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அக்கறை இருக்கிறதே, அடேயப்பா! ஆப்பரேஷன் முடிந்து வந்த வாரமே இந்த வீட்டில் முனை என்று இருக்கிற அத்தனைக்கும் கேஸ் டியூப்பைக் கிழித்து மாட்டினவர். கட்டில் முனை, மேசை முனை, கிரைண்டர் முனை. பூஜை அலமாரிக்குக்கூட ஆரஞ்சுக் கலர் டியூப். தினம் ஒரு போன். "மாப்பிள எப்பிடி இருக்கான்?" கிட்னிக்கு அவர் வைத்த பேர் வீட்டோட மாப்பிள்ளை. பிறந்த வீட்டை விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டில் வந்து குடியிருக்கிறானாம், நேரா நேரத்துக்குக் கவனித்து மரியாதை செய்ய வேண்டுமாம். அவளும் பதிலுக்கு "ஒங்க ஆளு ராசாவாட்டம் இருக்கான்" என்பாள். இந்த எட்டு நாளும் அதையேதான் சொன்னாள். நாக்கூசாமல் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் சுவரில் சாய்ந்து நின்றாள். மரவேலை எதுக்குட்டி ஒனக்கு என்று அவர் முதலிலேயே கேட்டார். டயாலிசிஸ் மெஷினோடு கட்டிக் கிடந்த நாலு நாலு மணி நேரமும் போனில் யார் யாரோ மேசை செய்வதையும் முக்காலி செய்வதையும் பார்த்துக் கிடந்தேன், பிழைத்தால் இதைச் செய்வேன் என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் என்று சொன்னாள். மறுநாளே நல்ல உளி இரண்டு வாங்கி வந்து கொடுத்தார். கொடுத்த மனுஷனின் உறுப்பை, அவர் எதுக்கு என்று கேட்ட வேலையில், தானே உயர்த்தி வைத்த கைப்பிடியில் கொண்டு போய் இடித்திருக்கிறாள். அவர் ஒற்றைக் கிட்னியோடு ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

மணி பத்தே முக்கால். வலது தலைமாட்டில் வைத்தால்? வலது கைக்காரிக்கு ரம்பம் போடும்போது இடிக்கும், இழைக்கும்போது நீளப் பலகைக்கு ஆதாரம் கிடைக்காது. சுவர்ப்பக்கம் வைத்தால் ஆபத்தே இல்லை, வேலையும் இல்லை. வைஸே வேண்டாமென்று மேசையில் துணியை விரித்து இஸ்திரி போடலாம், அதற்கும் லாயக்குத்தான். முதல் கோடுதான் சரியான இடம், நடந்து போய் இழைக்கத் தோதான இடம், அது அவளுக்கும் தெரியும், மேசைக்கும் தெரியும். போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வயிற்றைத் தொட்டாள். வலி இல்லை. வலி இல்லாததை நம்பலாமா? பழைய இரண்டும் வலி காட்டாமல்தான் செத்துப் போயின. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னட்டி இது, மூணு கோடு போட்டு வச்சிருக்க? வைஸு மூணு வாங்குனியோ?" அண்ணன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு மேசையைத் தட்டிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். "ஆசாரி தோத்தான் போ. நல்லா செஞ்சிருக்களா." பிறகு மூன்று கோட்டையும் சுற்றி வந்து பார்த்து, சுவர்ப்பக்கத்துக் கோட்டில் விரலை வைத்தார். "இதுதான் சரி. இங்கன போட்டா யாரும் இடிக்க மாட்டா."

"அந்தச் சந்துல நின்னு எப்பிடிண்ணே இழைக்கது?"

"அப்ப இழைக்காத. ரம்பம் மட்டும் போடு." சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னளா? ஏன் மூஞ்சி இப்பிடிக் கெடக்கு?"

போன் இன்னும் அடிக்கவில்லை. இன்னும் பத்து நிமிஷம் சமாளித்துவிட்டால் போதும், தலைவலி என்று சொல்லலாம், பரீட்சைத் தாள் திருத்தினேன் என்று சொல்லலாம். இத்தனை பொய் சொன்ன நாக்குக்கு இன்னும் ஒன்று பாரமா. ஆனால் இவரிடம், இந்த முகத்திடம், இனிமேல் முடியாது என்று இருந்தது. "இடிச்சுக்கிட்டேண்ணே" என்றாள். அதற்குப் பிறகு தடையில்லாமல் கொட்டியது, கைப்பிடி, நீலம், ஒன்று புள்ளி ஐந்து, காலையில் கொடுத்த ரத்தம், எல்லாம். முப்பத்தாறு அங்குலத்தையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

"எப்ப இடிச்ச?"

"போன வாரம் வெள்ளிக்கெழம."

"எட்டு நாளு." அண்ணனின் குரல் ஏறியது. "எட்டு நாளும் போன் போட்டேம்லா? மாத்திர போட்டியான்னு கேட்டேன், சாப்ட்டியான்னு கேட்டேன். ராசாவாட்டம் இருக்கான்னு சொன்னியே, எந்த வாயால சொன்ன?"

"பயந்துட்டேண்ணே. நீங்க குடுத்தத நான் கொண்டு போயி இப்பிடி... என்ன மன்னிச்சிருங்க."

"நிறுத்துட்டி!" கார் ஷெட் தகரமே அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு மாப்பு கேக்க? குடுத்தா குடுத்ததுதான். பொறவு அது என்னுதா? ஒங் காலு சுளுக்குனா எங்கிட்ட வந்து மாப்பு கேப்பியா? ஒன் ஒடம்ப நீ இடிச்சிருக்க, ஒனக்கு வலிச்சிருக்கு, அதச் சொல்லணுமா வேண்டாமா? நா என்ன ஒனக்கு வாடகைக்கா விட்டிருக்கேன், செவத்துல ஆணி அடிச்சிட்டேன் மன்னிச்சிருங்கன்னு சொல்லுததுக்கு?"

உண்மைதான். இரண்டு வருஷமாக அவள் வாடகைக்காரியாகத்தான் இருந்திருக்கிறாள். யாரும் கேட்காத வாடகையைப் பயமாகக் கட்டிக்கொண்டு, ஆணி அடிக்காமல், சத்தம் போடாமல், ஓரமாக. நன்றி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி நன்றி, பாதி கேஸ் டியூப். இந்த மனுஷன் கேமரா முன்னால் சொன்ன அன்றைக்கே கொடுத்து முடித்துவிட்டார். வாங்கி முடிக்காதது அவள்தான். மூக்கைத் துடைத்தாள். நெஞ்சுக்குள் என்னவோ நிறைந்து வந்தது, சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும், முடிவு இன்னும் வராத நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை, வந்தது.

"செவத்துப் பக்கம் வேண்டாண்ணே" என்றாள். "முத கோட்டுல போடுங்க. பன்னெண்டு அங்குலத்துல."

"கைப்பிடி?"

"மேசக் கால மூணு அங்குலம் அறுத்துருதேன். தொடையில இடிச்சா இடிச்சிட்டுப் போட்டும்."

"குனியணுமே?"

"குனிஞ்சுக்கிடுதேன். டாக்டர் குனியக் கூடாதுன்னு எப்ப சொன்னாரு? நாந்தான சொல்லிக்கிட்டேன்."

அண்ணன் மெஷினை எடுத்தார், ஒயரை மாட்டினார், கோட்டின் மேல் நாலு புள்ளி வைத்தார். முதல் துளை இறங்கியது. வாகைத் தூள் மஞ்சளாகச் சுருண்டு மேலே வந்தது, அந்த வாசனை, லேசாகக் கசக்கிற வாசனை, மெஷின் சத்தம் பலகை வழியாக அவள் உள்ளங்கைக்குள் ஏறியது. பலகையை அழுத்திப் பிடித்திருந்தாள், வலது கையால். அடிவயிற்றில் கை இல்லை. இரண்டாவது துளையில் இருக்கும்போது போன் வெளிச்சம் போட்டது. அவள் எடுத்தாள். மெஷின் சத்தம் நிற்கவில்லை, அவர் தலை நிமிரவும் இல்லை. பெயர், வயது, தேதி, ஏதேதோ எண்கள், விரலால் தள்ளித் தள்ளி அந்த ஒரு வரிக்குப் போவதற்குள் இரண்டு தடவை தவறிப் போய் மேலேயே வந்து நின்றது. பிறகு கிடைத்தது. மறுபடி படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்குத் தசமம் சொல்லிக் கொடுக்கிறவள், புள்ளி எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்தாள்.

மெஷின் நின்றது. அண்ணன் பலகையைப் பார்த்தபடியே கேட்டார். "நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு."

"நல்லதுண்ணே. எறங்கிருச்சு. ஒண்ணு புள்ளி ரெண்டு."

அவர் மெஷினைக் கீழே வைத்தார். ஊருக்குள் நூல் பிடித்த மாதிரி வயரிங் இழுப்பவர் என்று பேரெடுத்தவர். வடிவு பலகையைப் பார்த்தாள்; முதல் துளை புள்ளியில் இருந்தது, இரண்டாவது புள்ளியை விட்டு அரை அங்குலம் விலகிக் கோணலாக இறங்கியிருந்தது. அண்ணன் மரத்தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவள் பதறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்தாள். என்னண்ணே, அதான் நல்லா இருக்குன்னுட்டாங்களே, என்னண்ணே. அவர் துண்டை எடுக்காமலே பேசினார்.

"எட்டு நாளு எப்பிடிட்டி தாங்குன? எனக்கு இந்தக் கால் மணி நேரமே முடியல்ல."